பெங்களூரில் குடித்தனம் நடத்த என்ன ஆகிறது?

வீட்டு வாடகைப் படிக்கு வரிவிலக்கு தருவதற்காக 1962-ஆம் ஆண்டின் வருமானவரி விதிகள் நான்கு ஊர்களை மட்டும் பெயர் சொல்லித் தனியே வைத்தன: மும்பை, கொல்கத்தா, டெல்லி, சென்னை. இந்த நான்கில் வாடகைக்கு இருந்தவருக்குச் சம்பளத்தில் 50 விழுக்காடுவரை விலக்கு கிடைத்தது. நாட்டின் மற்ற எல்லா ஊர்களுக்கும் 40 விழுக்காடுதான். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985-இல் பெங்களூரில் கால் ஊன்றிய பிறகும், ஒயிட்ஃபீல்டும் எலெக்ட்ரானிக் சிட்டியும் உலக வரைபடத்தில் ஏறிய பிறகும், அந்தப் பட்டியலில் ஐந்தாவது பெயர் சேராமலே பல பத்தாண்டுகள் ஓடின. அடிப்படைச் சம்பளம் 50,000 ரூபாய் வாங்கி, அதற்கேற்ற படியும் வாடகையும் உள்ள ஒருவருக்கு இந்தப் பத்து விழுக்காட்டு வித்தியாசம் மாதம் 5,000 ரூபாய். அதாவது, சென்னையில் இருந்தால் வரி கட்ட வேண்டியிராத 60,000 ரூபாய்க்கு அவர் பெங்களூரில் ஆண்டுதோறும் வரி கட்டினார்.

இதே மத்திய அரசு தன் சொந்த ஊழியர்களுக்கு வாடகைப் படி கொடுக்கும்போது வேறு கணக்கு வைத்திருக்கிறது. ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பின், 2008 முதல், பெங்களூரு 'எக்ஸ்' வகுப்பு நகரம். சென்னை, மும்பைக்கு என்ன விழுக்காடோ அதுவே இதற்கும். ஆக, தலைமைத் தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவருக்குப் பெங்களூரு பெருநகரம். எதிர்ச்சாரியில் தனியார் அலுவலகத்தில் இருந்தவருக்கு, அந்த வரிவிதிகள் நீடித்தவரை, அது பெருநகரமாக இருக்கவில்லை.

மூன்றாவது கணக்கு ஒன்று உண்டு. மெர்சர் என்னும் ஆலோசனை நிறுவனம் ஆண்டுதோறும் உலக நகரங்களின் வாழ்க்கைச் செலவை வரிசைப்படுத்துகிறது. 2024-இல் அது எடுத்துக்கொண்ட 226 நகரங்களில் மும்பை 136-ஆவது, சென்னை 189, பெங்களூரு 195. அந்தப் பட்டியல் தவறானதல்ல. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் பன்னாட்டு நிறுவனங்களுக்காக, நியூயார்க்கை அடிப்படையாக வைத்துப் போடப்படுவது அது. டாலரில் சம்பளம் வாங்குபவருக்குப் பெங்களூரு மலிவான ஊர் என்பது உண்மைதான். அந்த நிறுவனங்கள் இங்கே வந்து குவிந்ததற்கே அந்த மலிவு ஒரு காரணம். ஆனால் ஓர் ஊரின் செலவை அங்கே வந்து தங்குகிறவரின் பையை வைத்து அளப்பது வேறு, அங்கேயே சம்பாதித்து அங்கேயே குடும்பம் நடத்துகிறவரின் பையை வைத்து அளப்பது வேறு.

இந்தக் கட்டுரை இரண்டாவது ஆளைப் பற்றியது. அவருக்குப் பெங்களூரில் அரிசியும் பருப்பும் காய்கறியும் சென்னையை விடவோ கோவையை விடவோ பெரிதாக விலை கூடியவை அல்ல. இந்த ஊரைச் செலவு மிக்கதாக்குவன கூரையும் தண்ணீரும் போய்வரும் வழியும். இவை மூன்றும் ஒரு காலத்தில் நகர நிர்வாகமோ வேலை கொடுத்தவரோ கணிசமான அளவு சுமந்தவை. இன்று அவை ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் தனித்தனியே இறங்கியிருக்கின்றன. சம்பளத்தையும் வரியையும் அரசு உதவியையும் தீர்மானிக்கிற அளவுகோல்களோ இவற்றைச் சரிவரப் பார்ப்பதே இல்லை.

பத்து மாத அட்வான்ஸ்

வேலை கிடைத்து மதுரையிலிருந்தோ சேலத்திலிருந்தோ பெங்களூரு வருகிறவர் வாடகையைவிட அட்வான்ஸைக் கேட்டுத்தான் முதலில் திகைத்துப்போகிறார். பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்குவது இந்த ஊரின் பழைய வழக்கம். அடுக்ககங்கள் பெருகிய பகுதிகளில் இப்போது ஐந்து, ஆறு மாதம் என்று இறங்கியிருக்கிறது. பழைய பேட்டைகளில் பத்து மாதம் இன்னும் சர்வசாதாரணம். ஒயிட்ஃபீல்டிலோ எச்.எஸ்.ஆர். லேஅவுட்டிலோ இரண்டு படுக்கையறை வீட்டுக்கு வாடகை 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்; இன்று அது உயர்ந்த மதிப்பீடு அல்ல. பத்து மாத அட்வான்ஸ் 3 லட்சம். முதல் மாத வாடகை, தரகருக்கு ஒரு மாத வாடகை. வீட்டுச் சாவி கைக்கு வருவதற்குள் 3,60,000 ரூபாய் போயிருக்கும். பெரிய கணினிச் சேவை நிறுவனங்கள் புதிதாகப் படித்துவிட்டு வருகிற பொறியாளருக்குத் தரும் சம்பளம் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. அதாவது, இன்னும் வாங்காத ஓர் ஆண்டுச் சம்பளம் முழுவதும் வாசற்படியிலேயே கேட்கப்படுகிறது.

அட்வான்ஸ் திரும்பி வரும் பணம்தானே என்பார்கள். அந்த 3 லட்சத்தை 7 விழுக்காடு வட்டிக்கு வங்கியில் போட்டிருந்தால் ஆண்டுக்கு 21,000 ரூபாய், மாதம் 1,750 ரூபாய் வந்திருக்கும். வாடகைச் சீட்டில் வராத இந்தத் தொகையையும் குடியிருப்பவர் மாதாமாதம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். நகையை அடகு வைத்தோ வெளியில் கடன் வாங்கியோ அட்வான்ஸ் கட்டியவருக்கு அது இரட்டிப்பாகும். காலி செய்யும்போது 'பெயின்டிங்' என்று சொல்லி ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் எழுதாச் சட்டமாகிவிட்டது. சுவரில் ஆணியே அடிக்காத வீட்டுக்கும் அது உண்டு.

மத்திய அரசு 2021-இல் மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்பு வீட்டுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால், மூன்று மாதம் என்று வரம்பு வைக்கிறது. அந்த விதிவிலக்குப் பெரிய ஓட்டைதான். ஆனாலும் கேட்பதற்கு ஓர் எண் சட்டத்தில் இருக்கிறது. கர்நாடகத்தின் 1999-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தால் பத்து மாத வழக்கத்தை அசைக்க முடியவில்லை. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் எல்லா ஒப்பந்தமும் பதினொரு மாதத்துக்கே எழுதப்படுகிறது. பதினொரு மாதம் முடிந்ததும் வாடகையில் ஐந்தோ பத்தோ விழுக்காடு ஏறும். வீட்டுக்காரர் மனது வைத்தால் மேலும் ஏறும்.

அட்வான்ஸ் கட்ட முடியாத இளைஞர்கள் பி.ஜி. விடுதிகளுக்குப் போகிறார்கள். பி.டி.எம். லேஅவுட்டும் மாரத்தஹள்ளியும் இப்படி அறைக்கு மூன்று கட்டில், நான்கு கட்டில் போட்ட விடுதிகளால் நிரம்பியவை. 2023-இல் கர்நாடகத்தின் ஜி.எஸ்.டி. முன்தீர்ப்பு ஆணையம் இவை குடியிருப்பு வீடுகள் அல்ல, 12 விழுக்காடு வரி உண்டு என்று சொல்லிவிட்டது. ஆளொருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு உட்பட்டு, 90 நாளுக்குக் குறையாமல் தங்கினால் வரி இல்லை என்று ஜி.எஸ்.டி. மன்றம் தெளிவாக்க 2024 ஜூன் ஆயிற்று. கட்டிலை வாடகைக்கு எடுத்துப் படுக்கிறவர் குடியிருக்கிறாரா, ஓட்டலில் தங்குகிறாரா என்று முடிவு செய்ய அரசுக்கு ஓராண்டு தேவைப்பட்டது.

ஆட்டோ ஓட்டுபவர்கள், தையல்காரர்கள், சின்னக் கடை வைத்திருப்பவர்கள் நாடுவது வேறு வழி: லீசு. நம் ஊரில் போக்கியம் என்று சொல்வதுதான். வீட்டுக்காரரிடம் சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று ஆண்டுகள் வாடகையில்லாமல் இருப்பது. முடிவில் பணம் திரும்ப வரும். மாத வருமானம் நிலையில்லாதவருக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் வீட்டுக்காரர் அந்தப் பணத்தை வேறெங்கோ போட்டுவிட்டு, அடுத்த ஆள் வந்தால்தான் கொடுப்பேன் என்று சொல்லும் நாளில் ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பு முழுவதும் அந்தரத்தில் நிற்கும்.

இவ்வளவும் அரசின் விலைவாசிக் குறியீட்டெண்ணில் எப்படித் தெரிகிறது? தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணைச் சிம்லாவிலிருக்கும் தொழிலாளர் பணியகம் 88 ஊர்களில் விலை திரட்டிக் கணக்கிடுகிறது. 2016-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட இந்த வரிசையில் வீட்டுவசதியின் எடை நூற்றுக்கு 16.87. காய்கறி விலையை அடிக்கடி திரட்டுகிறவர்கள் வாடகையை ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும் மட்டும், புதுப்பிக்கிறார்கள். அதுவும் தேர்ந்தெடுத்த அதே வீடுகளுக்கு மறுபடி மறுபடி போய்க் கேட்டு. நெடுநாளாய் இருப்பவருக்கு ஐந்து விழுக்காடு ஏறியிருக்கும்போது பக்கத்து வீட்டில் புதிதாக வருகிறவரிடம் முப்பது விழுக்காடு கூடுதலாகக் கேட்பது பெங்களூரில் 2022-க்குப் பின் நாம் கண்ணால் கண்டது. கொரோனாவுக்குச் சொந்த ஊர் போனவர்களை அலுவலகங்கள் திரும்ப அழைத்த ஆண்டுகள் அவை. அந்த முப்பது விழுக்காடு குறியீட்டெண்ணுக்குள் மெல்லத்தான் இறங்கும்.

குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பும் இதே போலத்தான். 2023-24-இல் நகர்ப்புற இந்தியரின் மாதச் சராசரிச் செலவு தலைக்கு 6,996 ரூபாய். கர்நாடக நகர்ப்புறங்களில் 8,076. நகர்ப்புறச் செலவில் வாடகையின் பங்கு 6.58 விழுக்காடு என்று அது சொல்கிறது. சொந்த வீட்டில் இருப்பவர்களின் வாடகை மதிப்பு இதில் சேராது. எனவே பங்கு சிறிதாகத் தெரிகிறது. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு 8,076-ஐப் பெருக்கிப் பார்த்தால் 32,304 ரூபாய். கர்நாடக நகர்ப்புறத்தின் சராசரிக் குடும்பம் ஒரு மாதம் உண்டு, உடுத்தி, படிக்கவைத்து, மருத்துவம் பார்த்து ஆகும் மொத்தச் செலவும் ஒயிட்ஃபீல்டின் ஒரு வீட்டு வாடகையும் ஏறக்குறையச் சமம். சராசரியை வைத்துப் பெங்களூரைப் பேச முடியாது என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை.

லிட்டருக்கு என்ன விலை?

கடல்மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே, வற்றாத ஆறு எதுவும் அருகில் இல்லாத மேட்டில் இருக்கிறது பெங்களூரு. கெம்பெ கவுடா 1537-இல் ஊரை அமைத்த காலத்திலிருந்து ஏரிகள்தான் அதைக் காத்தன. 1890-களில் அர்க்காவதியாற்றின் ஹெசரகட்டாவிலிருந்தும், 1933-இல் திப்பகொண்டனஹள்ளியிலிருந்தும் குழாயில் தண்ணீர் வந்தது. அதுவும் போதாமல் 1974 முதல் காவிரி. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தொரெகாடனஹள்ளியிலிருந்து மூன்று கட்டமாக ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றுகிறார்கள். குடிநீர் வாரியத்தின் வருவாயில் பெரும்பகுதி மின்கட்டணத்துக்கே போய்விடுகிறது.

இவ்வளவு செலவில் வரும் தண்ணீரைக் குழாய் இணைப்பு உள்ளவருக்கு வாரியம் மிக மலிவாகக் கொடுத்தது. 2014-இல் வைத்த கட்டணப்படி முதல் 8,000 லிட்டருக்கு ஆயிரம் லிட்டர் 7 ரூபாய். அதற்கு மேல் 25,000 லிட்டர்வரை 11 ரூபாய். பதினோரு ஆண்டுகள் அந்தக் கட்டணம் ஏறவில்லை. 2025 ஏப்ரலில் லிட்டருக்கு 0.15 பைசாவிலிருந்து ஒரு பைசாவரை கூட்டினார்கள். குழாய் இல்லாதவர் டேங்கர் வாங்குகிறார். 2024 மார்ச்சில், நகரின் 13,900 ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வற்றிவிட்டதாக மாநில அரசே அறிவித்த நேரத்தில், டேங்கர்க்காரர்கள் கேட்ட விலைக்கு அளவில்லாமல் போயிற்று. மாவட்ட நிர்வாகம் தலையிட்டு, 6,000 லிட்டர் டேங்கருக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் 600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. அந்தக் கட்டுப்படுத்தப்பட்ட விலையிலேயே ஆயிரம் லிட்டர் 100 ரூபாய்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நகரத்தில் தலைக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசின் நெறிமுறை. நான்கு பேருக்கு மாதம் 16,200 லிட்டர். 2014 கட்டணப்படி குழாய் வீட்டுக்காரர் தண்ணீருக்குக் கட்டியது, கழிவுநீர்க் கட்டணம் நீங்கலாக, சுமார் 146 ரூபாய். டேங்கர் வீட்டுக்காரர் அதே தண்ணீருக்கு 1,620 ரூபாய். பதினோரு மடங்கு.

டேங்கர் வீட்டுக்காரர் என்றால் வசதி படைத்த அடுக்ககவாசி என்ற எண்ணம் பலருக்கு உண்டு. அது பாதி உண்மை. 2007-இல் பெருநகர மாநகராட்சி அமைந்தபோது சுற்றியிருந்த ஏழு நகராட்சிகளோடு 110 கிராமங்களும் சேர்க்கப்பட்டன. பெல்லந்தூர், வர்த்தூர் போன்றவை அந்தக் கிராமங்கள். அடுக்ககத்தை ஒட்டியே அங்கே ஓட்டு வீடுகளும் தகரக் கொட்டகைகளும் இருக்கின்றன. கட்டட வேலைக்கு வந்தவர்களும் வீட்டு வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் குடத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்குகிறார்கள். அந்த 110 கிராமங்களுக்கென்று திட்டமிட்ட காவிரி ஐந்தாம் கட்டம், நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர், ஜப்பானியக் கடனுதவியோடு, 2024 அக்டோபரில் திறக்கப்பட்டது. மாநகராட்சியில் சேர்ந்து சொத்துவரி கட்டத் தொடங்கிய பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு. திறந்த பின்னும் ஒவ்வொரு வீட்டுக்கும் இணைப்பு போய்ச்சேர வேண்டும். இணைப்புக் கட்டணம் கட்ட வேண்டும்.

தண்ணீர்க் கட்டணம் ஏறியதும் நகரம் கொதித்தது. எனக்கு அந்தக் கட்டண உயர்வில் பெரிய குறை தெரியவில்லை. 7 ரூபாய்க்குக் கொடுத்து நட்டப்பட்ட வாரியத்தால் குழாயை நீட்ட முடியவில்லை. குழாய் நீளாத இடத்தில் ஏழைகள் நூறு ரூபாய் கொடுத்தார்கள். குழாய் வீட்டின் மலிவுக்கு விலை கொடுத்தது குழாய் இல்லாத வீடு.

சாப்பாடும் பஸ்ஸும்

உணவில் பெங்களூரு இன்னும் கருணையுள்ள ஊர். 1983-இல் ஜெயநகரில் தொடங்கிய கஃபே தர்சினி, நின்றுகொண்டே சாப்பிடும் உணவகத்தை இந்த ஊருக்குப் பழக்கியது. நாற்காலி இல்லை, ஆகவே சிறிய இடம் போதும், ஆகவே இட்லியின் விலையில் வாடகையின் பங்கு குறைவு. நிலம் விலை ஏறிய நகரத்தில் உணவை மலிவாக வைத்திருக்கக் கண்டுபிடித்த மிக நல்ல உத்தி அது. 2017 ஆகஸ்டில் வந்த இந்திரா உணவகங்கள், சென்னையின் அம்மா உணவகங்களைப் பார்த்து, காலைச் சிற்றுண்டி 5 ரூபாய், சாப்பாடு 10 ரூபாய் என்று வைத்தன.

போக்குவரத்து அப்படியல்ல. டாம்டாம் நிறுவனத்தின் 2024 கணக்கில், நகருக்குள் பத்து கிலோமீட்டர் போக 34 நிமிடம் 10 நொடி; உலகிலேயே மூன்றாவது மெதுவான ஊர். 2025 ஒரே ஆண்டில் மாநகரப் பேருந்துக் கட்டணம் ஜனவரியில் 15 விழுக்காடும், பிப்ரவரியில் மெட்ரோவின் உச்சக் கட்டணம் 60-இலிருந்து 90 ரூபாயாகவும், ஆகஸ்டில் ஆட்டோவின் குறைந்தபட்சக் கட்டணம் 30-இலிருந்து 36 ரூபாயாகவும் ஏறின. நடுவில் ஏப்ரலில் நந்தினி பால் லிட்டருக்கு 4 ரூபாய், மின்சாரம் யூனிட்டுக்கு 36 பைசா, குப்பைக்குத் தனிக் கட்டணம். மறுபக்கம் 2023 ஜூனில் தொடங்கிய சக்தி திட்டத்தில் அரசுப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. 200 யூனிட்வரை மின்சாரம் இலவசம், வாடகைக்காரருக்கும் உண்டு. குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய். வீட்டு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் பையில் இவை நின்று உதவுகின்றன என்பதை மறுப்பது அநியாயம். ஆனால் அவள் செலவுகளில் மிகப் பெரியது வாடகை. அதற்கு மட்டும் எந்தத் திட்டமும் இல்லை.

குவார்ட்டர்ஸ் இருந்த ஊர்

இப்படித்தான் எப்போதும் இருந்ததா? இல்லை. பெங்களூரு நகரத்தை இருபதாம் நூற்றாண்டின் நடுவில் உருவாக்கியவை பொதுத்துறைத் தொழிற்சாலைகள்: 1940-இல் விமானத் தொழிற்சாலையாகத் தொடங்கிய எச்.ஏ.எல்., 1948-இல் ஐ.டி.ஐ., 1953-இல் எச்.எம்.டி., 1954-இல் பி.இ.எல். கன்டோன்மென்ட் உருவான 1809-க்குப் பின் சென்னை மாகாணத்திலிருந்து வந்து அல்சூரிலும் சிவாஜிநகரிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இந்த ஆலைகளில் ஆயிரக்கணக்கில் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஐ.டி.ஐ.யின் தூரவாணி நகர் குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், மருத்துவமனை, கேன்டீன், ஷிப்டுக்கு ஏற்றி இறக்கும் பஸ் எல்லாம் கொண்ட சிறிய ஊர். எச்.எம்.டி.யும் பி.இ.எல்.லும் ஜாலஹள்ளியில் அப்படியே செய்தன. எல்லாத் தொழிலாளிக்கும் குவார்ட்டர்ஸ் கிடைத்துவிடவில்லை. காத்திருந்தே ஓய்வு பெற்றவர்கள் நிறைய. ஆனாலும் குடியிருப்பும் பயணமும் சாப்பாடும் மருத்துவமும் கூலியின் பகுதி, அதற்கு வேலை கொடுப்பவர் பொறுப்பு என்ற எண்ணம் ஊரில் நிலைத்திருந்தது. அந்த எண்ணத்தின் வலு 1980 டிசம்பரில் தெரிந்தது. பி.எச்.இ.எல். தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம் கேட்டு இந்த ஆலைகளின் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் 77 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1981 மார்ச்சில் வேலைநிறுத்தம் கோரியதைப் பெறாமலே முடிந்தது.

அதன்பின் வந்த தொழில்கள் சம்பளத்தை மட்டும் கொடுத்தன. கணினி நிறுவனங்களின் பஸ் ஓடியது, கேன்டீனும் இருந்தது. வீடு கட்டிக்கொடுக்கும் எண்ணம் யாருக்கும் எழவில்லை. நகர நிர்வாகமும் ஏழைகளுக்குக் கட்டிய கொஞ்சநஞ்சத்தைக் காப்பாற்றவில்லை. கோரமங்களாவை அடுத்த ஈஜிபுராவில் நலிந்தோருக்கென மாநகராட்சி கட்டிய குடியிருப்பின் சில கட்டடங்கள் 2000-களில் இடிந்து விழுந்தன. நிலம் தனியார் கூட்டில் வணிக வளாகத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. எஞ்சியிருந்த சுமார் 1,500 குடும்பங்கள் 2013 ஜனவரியில் அப்புறப்படுத்தப்பட்டன. பல குடும்பங்கள் நடைபாதையில் குளிரில் கிடந்தன. அவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் பலர். கோரமங்களா வீடுகளில் பாத்திரம் துலக்கிய பெண்களுக்குச் சர்ஜாபுர சாலைக்கு அப்பால் சூலிகுண்டேயில் இடம் காட்டினார்கள். வேலை ஓரிடத்தில், வீடு வேறிடத்தில், நடுவே இரண்டு பஸ் பயணம்; அவர்களின் வாழ்க்கைச் செலவு ஒரே வாரத்தில் ஏறிய விதம் இது. எந்தக் குறியீட்டெண்ணிலும் அது பதிவாகவில்லை.

உணவில் பத்தில் ஒரு பங்கு

பெங்களூரின் பீன்யாவிலும் பொம்மனஹள்ளியிலும் மைசூர் சாலையிலும் ஆயத்த ஆடை ஆலைகளில் வேலை செய்யும் பெண்கள் லட்சக்கணக்கானவர்கள். இவர்களுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு குறைந்தபட்சக் கூலி. அதை எப்படிக் கணக்கிடுவது என்று 1957-இல் பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒரு சூத்திரம் சொன்னது: தொழிலாளியோடு சேர்த்து மூன்று நுகர்வு அலகுகளுக்கு உணவு, ஆண்டுக்கு 72 கெஜம் துணி, அரசின் தொழிலாளர் வீட்டுத் திட்டத்தில் உள்ள சிறு வீட்டின் வாடகை, விளக்குக்கும் விறகுக்கும் 20 விழுக்காடு. உச்சநீதிமன்றம் 1991-இல் ரெப்டகோஸ் பிரெட் வழக்கில் படிப்பு, மருத்துவம் முதலியவற்றுக்கு இன்னொரு 25 விழுக்காடு சேர்க்கச் சொன்னது. தொழிலாளர் வீட்டுத் திட்டங்கள் மறைந்தபின் வாடகையை எதைக் கொண்டு அளப்பது? புதிய ஊதியச் சட்டத்துக்காக மத்திய அரசு 2020-இல் வெளியிட்ட வரைவு விதிகள் விடை சொல்கின்றன: உணவுக்கும் துணிக்கும் ஆகும் செலவில் 10 விழுக்காடு.

உணவும் துணியும் சேர்ந்து மாதம் 12,000 ரூபாய் என்றால் வாடகை 1,200 ரூபாய். பொம்மனஹள்ளியில் ஒற்றை அறை, பொதுக் கழிப்பறை உள்ள வீட்டுக்கே அதைப்போல் மூன்று நான்கு மடங்கு கேட்கிறார்கள். மீதி எங்கிருந்து வரும்? சாப்பாட்டிலிருந்து. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்று நாம் சொல்வது இங்கே கூலிச் சூத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. விலைவாசிக்கேற்ப ஆண்டுதோறும் ஏறும் பஞ்சப்படியாவது ஒழுங்காகக் கிடைக்கிறதா என்றால், 2020-இல் மாதம் 417.60 ரூபாய் உயர்வைக் கர்நாடக அரசு கொரோனாவைக் காரணம் காட்டி ஒத்திவைத்தது. தொழிலாளர்கள் உயர்நீதிமன்றம் போய்த்தான் அதை மீட்டார்கள்.

2016 ஏப்ரலில் நடந்ததை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வருங்கால வைப்பு நிதியில் முதலாளி செலுத்தும் பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்று மத்திய அரசு கொண்டுவந்த விதிக்கு எதிராக, தொழிற்சங்க அழைப்புக்குக்கூடக் காத்திராமல், ஆடை ஆலைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓசூர் சாலையிலும் தும்கூர் சாலையிலும் இறங்கினார்கள். இரண்டே நாளில் அரசு விதியைத் திரும்பப் பெற்றது. முதுமைக்கான சேமிப்பை ஏன் இப்போதே எடுக்கத் துடிக்கிறார்கள் என்று அன்று பலர் கேட்டார்கள். பிள்ளையின் பள்ளிக் கட்டணம், வீட்டு அட்வான்ஸ், மருத்துவக் கடன் என்று மொத்தமாகப் பணம் வேண்டிய நேரத்தில் அவர்கள் கைக்கு எட்டுகிற ஒரே மொத்தத் தொகை அதுதான்.

கலிஃபோர்னியாவும் ஓசூரும்

வாழ்க்கைச் செலவு மிக்க மாநிலம் என்று உலகம் சுட்டும் கலிஃபோர்னியாவில், 2023-இல் சான் பிரான்சிஸ்கோவில் தனியாள் ஒருவர் ஆண்டுக்கு 1,04,400 டாலர் சம்பாதித்தாலும் வீட்டு உதவித் திட்டங்களுக்குக் குறைந்த வருமானக்காரர்தான். கேட்பதற்கு வியப்பாக இருக்கும். ஆனால் அந்த எண்ணை மாவட்டம் மாவட்டமாக, உள்ளூர் வருமானத்தையும் வீட்டுச் செலவையும் பார்த்து ஆண்டுதோறும் அரசே கணக்கிட்டு வெளியிடுகிறது. அளந்ததாலேயே அங்கே எல்லாம் தீர்ந்துவிடவில்லை. 2024 கணக்கெடுப்பில் 1,80,000-க்கும் மேற்பட்டவர்கள் அந்த மாநிலத்தில் வீடற்றிருந்தார்கள். போதிய வீடு கட்ட விடாத விதிகளை வைத்துக்கொண்டு அளந்து மட்டும் என்ன பயன் என்ற கேள்வி நியாயமானதே. ஆயினும் அளவு இருப்பதால் அங்கே யார் எவ்வளவு தள்ளாடுகிறார்கள் என்பதை யாரும் மறைக்க முடியாது.

கலிஃபோர்னியாவின் வாடகைக்கும் பெங்களூரின் வாடகைக்கும் நேரடித் தொடர்பும் உண்டு. சான் ஹோசேயில் ஒரு பொறியாளருக்கு அங்கே வாழத் தேவையான சம்பளத்தைக் கொடுக்க முடியாத நிறுவனம் அந்த வேலையைப் பெங்களூருக்கு அனுப்புகிறது. வேலை வந்த இடத்தில் வீட்டு வாடகை ஏறுகிறது. ஏறிய வாடகை அடுத்த ஊருக்கு ஆளைத் தள்ளுகிறது. அந்த அடுத்த ஊர் நம் எல்லைக்குள் இருக்கும் ஓசூர்.

பெங்களூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். எலெக்ட்ரானிக் சிட்டியிலும் பொம்மசந்திராவிலும் வேலை பார்த்துக்கொண்டு ஓசூரில் குடியிருப்பவர்கள் ஒவ்வொரு காலையும் அத்திப்பள்ளி எல்லையைக் கடக்கிறார்கள். அட்வான்ஸ் குறைவு, பிள்ளைக்குத் தமிழ்ப் பாடம், ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டத்தால் 2013 முதல் காவிரித் தண்ணீர். 2025 ஆகஸ்டில் பொம்மசந்திராவரை மெட்ரோ வந்துவிட்டபின் இந்த ஓட்டம் இன்னும் கூடியிருக்கிறது. டைட்டன், டி.வி.எஸ்., அசோக் லேலண்ட் ஆலைகளையும் அவற்றைச் சுற்றிய சிறு பட்டறைகளையும் நம்பி வாழும் ஓசூர்த் தொழிலாளி, பெங்களூரு சம்பளம் வாங்குபவரோடு ஒரே வீட்டுக்குப் போட்டி போடத் தொடங்கியிருக்கிறார்.

பெங்களூரு தவறவிட்டதை ஓசூர் இப்போதே செய்யலாம். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி ஒவ்வொரு வாடகை ஒப்பந்தமும் வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். அதில் வாடகையும் முன்பணமும் எழுதப்பட்டிருக்கும். பதிவு செய்யாதவர்கள்தான் அதிகம் என்றாலும், பதிவானவற்றைப் பெயர் நீக்கி, வார்டு வாரியாக, ஆண்டுக்கு இருமுறையாவது மாநகராட்சி வெளியிட்டால் ஓசூரில் ஒரு குடும்பம் கூரைக்கு என்ன கொடுக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆலைத் தொழிலாளர் சங்கம் கூலிப் பேச்சுக்கு உட்காரும்போது அந்த எண்ணைக் கையில் எடுத்துப் போகும். 2025 செப்டம்பரில் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்த பெங்களூரிலும் அதையே கேட்கலாம்: ஒவ்வொரு மாநகராட்சியும் தன் வார்டுகளின் வாடகையையும், எத்தனை வீடு டேங்கர் தண்ணீரில் ஓடுகிறது என்பதையும் வெளியிடட்டும், குறைந்தபட்சக் கூலிக்கான குழு அடுத்த முறை கூடும்போது உணவில் பத்தில் ஒரு பங்கு என்ற சூத்திரத்துக்குப் பதில் அந்த எண்களை மேசையில் வைக்கட்டும்.